மூணு தடவை போன காதுகுத்துப் பத்திரிகை

மூட்டை காலை இடிக்குதுங்களா அக்கா? இருங்க, இப்படித் தள்ளி வைக்கறேன். மேல கம்பியில வைக்கலாம்னா அதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்ங்கறாரு கண்டக்டரு. கீழ வச்சா வேண்டாமாம். உசரத்துக்குத்தான் காசு போலிருக்குது.

சேலை இல்லைங்க, தொட்டில் துணி. ஈரோடு போயி பஸ் மாறி, ஓசூர் வரைக்கும் கொண்டுபோறேன். பாப்பா, காதைத் தொடாத கண்ணு, புண்ணு ஆற வேண்டாமா? காது குத்தி இன்னும் ஒரு வாரம் ஆகலைங்க. மொட்டைத் தலையில சந்தன வாசம்கூட அப்படியே இருக்குது.

இப்ப நீங்க போன்ல யார்கிட்டயோ "மெயில் வரலை, நீங்க அனுப்பவே இல்லை"ன்னு சத்தம் போட்டீங்க பாருங்க, அதைக் கேட்டதும் இதைச் சொல்லாம இருக்க முடியலை. ஆவணி பூரா எங்கூட்டுல இதே பேச்சுத்தான். அனுப்பினவங்க மேலதான் தப்புன்னு மட்டும் நினைச்சுறாதீங்க. அனுப்பினவ கதையையும் கேளுங்க. ஈரோடு வரதுக்குள்ள முடிச்சுறலாம்.

என் பேரு மேகலா. காங்கேயத்துக்கு அந்தப் பக்கம் ஊரு. பன்னெண்டாவது வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடம்தான். கம்ப்யூட்டர் ரூம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லக்கூடாது. சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட இருந்துச்சு. நாங்க ஜன்னல் வழியாப் பார்த்தே படிச்சோம். அப்புறம் மில்லு வேலை. விடியறதுக்கு முந்தியே சந்து முனையில வேன் வந்து ஹாரன் அடிக்கும், வாயில பல்பொடியோட ஓடி ஏறணும். பாப்பா பிறந்ததும் நின்னுட்டேன். இவளுக்குன்னு நல்ல மெல்லிசு பருத்தியில தொட்டில் துணியும் லங்கோடும் தச்சேன். பார்த்தவங்க கேட்டாங்க, தச்சுக் குடுத்தேன். என் கொழுந்தன் கௌதம் கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறான். "அண்ணி, இதை ஆன்லைன்ல போட்டா ஊரெல்லாம் வாங்குவாங்க"ன்னு சொல்லி, பாப்பா பேர்லயே ஒரு கடை கட்டிக் குடுத்தான். நிதிலா தொட்டில். கடைன்னா ஷட்டர் இல்லாத கடை. இன்டர்நெட்ல இருக்கும்.

எங்கூட்டுக்காரரு தேங்காய்க் களத்துல எடை போடறாரு. எதையும் வேண்டாம்னு சொல்லமாட்டாரு. வேணும்னும் சொல்லமாட்டாரு. தராசு முள்ளோடயே பழகினவருங்க, முள்ளு மாதிரியே நடுவுல நிப்பாரு.

கடை நல்லாத்தான் போச்சு. யாராவது வாங்கினா அவங்களுக்கு ஒரு மெயில் தானாப் போகும், "உங்க ஆர்டர் வந்திருச்சு, சந்தோஷம்"னு. எனக்கும் ஒண்ணு வரும். நான் கட்டி கூரியர்ல போட்டா இன்னொரு மெயில் போகும். தமிழ்நாடு பூரா நம்ம துணியில குழந்தைங்க தூங்குச்சு. நிறையப் பேரு பதில் போடுவாங்க, "அக்கா, உங்க தொட்டில்ல போட்டதும் தூங்கிட்டான்"னு. இதெல்லாம் சொந்தபந்தம் இல்லாம வேற என்னங்க?

அந்தச் சமயத்துலதான் பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சோம். குலதெய்வம் கோயில்ல கெடா வெட்டு, பெருசாப் பண்ணலாம்னு. பத்திரிகை அடிச்சாச்சு. என் மாமியாரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "யாரையும் விட்டுறாத அம்மிணி. ஒருத்தருக்குச் சொல்லலைன்னாலும் ஆயுசுக்கும் பேச்சு." சரிதானுங்களே? நம்ம துணி வாங்கினவங்களை விட்டுட்டு விசேஷம் பண்ணினா நல்லாவா இருக்கும்? கடைக்குள்ள "எல்லாருக்கும் அனுப்பு"ன்னு ஒரு பட்டன் இருக்குது. புதுச் சரக்கு வந்தா அமுத்தறதுக்குன்னு கௌதம் வச்சது. "இதை நீங்க தொடாதீங்க அண்ணி"ன்னுதான் சொல்லியிருந்தான். தொடறதுக்கு அது என்ன கரண்ட் கம்பியா? பத்திரிகையைப் படம் புடிச்சுப் போட்டு அமுத்தினேன். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நொடியில போயிருச்சு. நேர்ல வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டா எத்தனை மாசம் ஆகும், நீங்களே சொல்லுங்க.

அன்னைக்குச் சாயங்காலமே எங்கண்ணன் லோகு போன் பண்ணுது. "ஏம்மா, நான் செத்தா போயிட்டேன்? தாய்மாமன்னு சின்னவன் பேரு மேல இருக்குது, என் பேரு அவனுக்குக் கீழ தொங்குது." பார்த்தா நிசம்தான். மாத்தி அடிச்சோம். மாத்தினதை வேணுங்கறவங்களுக்கு மட்டும் குடுத்தாப் போதாதுன்னு மாமியாரு சொல்லிட்டாங்க. "பழைசு ஒருத்தன் கையில இருந்தாலும் அதைக் காட்டிக் கேப்பாங்க அம்மிணி. முன்னது யார் யாருக்குப் போச்சோ, பின்னதும் அவங்களுக்கெல்லாம் போகோணும்." சரின்னு மறுபடி அமுத்தினேன். அதுக்குள்ள பெருந்துறையில இருந்து மாமியாரோட அக்கா. "எங்க குடும்பத்தையே காணமே, நாங்க கெடாக்கறி திங்க மட்டும்தான் உறவா?" அவங்களையும் சேர்த்து மூணாவது அடிச்சோம். மூணாவதுதான் அருமையா வந்துச்சு. அதை அனுப்பாம வச்சுக்க முடியுமா?

இது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது மெயில் கதை.

பத்திரிகை வேலையெல்லாம் முடிஞ்சு நிமிர்ந்து பார்த்தா ஆர்டரே வரலைங்க. ஆவணி மாசம், வளைகாப்பும் பேரு வைக்கறதுமா இருக்கற மாசம், ஒரு மெயிலைக் காணோம். அப்பத்தான் ஓசூர்ல இருந்து ஜெசிந்தான்னு ஒரு அம்மா போன் பண்ணினாங்க. முன்னாடியே நம்ம கடையில பேரைப் பதிஞ்சு வச்சிருந்தவங்க, இப்பத்தான் முதல் தடவையா துணி வாங்கியிருக்காங்க. எடுத்ததுமே சூடு.

"பணம் கட்டி இத்தனை நாளாச்சு. ஒரு மெயில் கிடையாது. இது கடையா, இல்ல ஏமாத்து வேலையா?"

"அனுப்பியிருக்குமேங்க, பாருங்க."

"உங்க கடையில இருந்து காதுகுத்துப் பத்திரிகை மட்டும் மூணு வந்திருக்கு. கட்டின காசுக்கு ஒரு ரசீது வரலை."

"அப்ப பத்திரிகை வந்து சேர்ந்துருச்சுங்களா? அவசியம் வந்துருங்க."

பட்டுன்னு வச்சுட்டாங்க. மரியாதையாக் கூப்பிட்டதுக்கு இந்த மரியாதை. அப்புறம் என் நம்பரையே தடுத்து வச்சுட்டாங்க. கடைக்குள்ள போய்ப் பார்த்தா ஆர்டருங்க பத்துப் பதினஞ்சு வரிசையா நிக்குது. கூப்பிட ஆளில்லாம வாசல்ல நிக்கற விருந்தாளி மாதிரி. சொல்ல வேண்டிய மெயில்தான் எனக்கே வரலை. ஜெசிந்தாம்மா துணியைக் கட்டி எடுத்தா, அவங்க வீட்டு நம்பரே போடலை, தெரு பேரு மட்டும் இருக்குது. கேக்கலாம்னா போன் போகாது, மெயிலும் போகாது. பொட்டலம் எங்கூட்டு அலமாரிலயே உட்கார்ந்துக்கிச்சு.

கௌதமைக் கேட்டேன். "ஸ்பாம்ல போயிருக்கும் அண்ணி. குப்பைன்னு ஒதுக்கி வைக்கற இடம். அங்க பார்க்கச் சொல்லுங்க." சொன்னேன். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, "குப்பையில பாருங்க, எங்க கடை அங்கதான் இருக்கும்"னு. ஒரு வியாபாரிக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? பாதிப் பேரு குப்பையிலயும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் நாங்க அனுப்பின மெயில் எங்களுக்கே திரும்பி வர ஆரம்பிச்சுச்சு. ஒரு பக்கம் பூரா இங்கிலீஷு. முதல் வரியில மன்னிப்பு, கீழ நம்பரு நம்பரா. மன்னிப்புக் கேட்டுக்கிட்டே கதவைச் சாத்தற ஆளுங்களை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

நம்ம கடையை வச்சிருக்கற சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டேன். சர்வர்னா ஒண்ணுமில்லைங்க, நம்ம கடை குடியிருக்கற கம்ப்யூட்டரு. எங்கயோ மெட்ராஸ்ல இருந்து பேசறாங்க. எடுத்ததும் பாட்டுப் போடுவாங்க. பாதிப் பாட்டுல "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"பாங்க. மறுபடி பாட்டு. எவ்வளவு முக்கியம்னா, பாப்பா அந்தப் பாட்டுக்கே தூங்கப் பழகிட்டா. கடைசியா ரியாஸ்னு ஒரு தம்பி வந்தாரு. நல்ல தம்பி. திரும்பி வந்த மெயிலை எழுத்தெழுத்தாப் படிச்சேன், பொறுமையாக் கேட்டாரு.

"மேடம், உங்க சர்வர்ல உங்க கடை மட்டும் இல்ல. நிறையக் கடைங்களுக்கு அது பொது. அதுல யாரோ ஒருத்தர் வேண்டாத மெயிலை மொத்தமா அனுப்பியிருக்காங்க. அதனால வெளிய இருக்கற பெரிய மெயில் கம்பெனிங்க இந்த சர்வர்ல இருந்து யார் அனுப்பினாலும் எடுக்கறதில்ல."

எனக்கு உடனே புரிஞ்சு போச்சுங்க. மில்லு குவாட்டர்ஸ்ல எட்டு வீட்டுக்கு ஒரே தண்ணித் தொட்டி. ஒருத்தி சோப்பு நுரையை உள்ள விட்டா எட்டு வீட்டுச் சோத்துலயும் சோப்பு வாசம் அடிக்கும். எந்த மகராசன் இப்படிப் பண்ணினானோ. அவனை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல.

"அது யாருங்க தம்பி?"

"பார்த்துத்தான் சொல்லணும் மேடம். நீங்க ஒரு டிக்கெட் போடுங்க."

பஸ்ஸே இல்லாம டிக்கெட் போட்டது அங்கதான். டிக்கெட்னா புகாராம். நான் சொல்லச் சொல்ல கௌதம் இங்கிலீஷ்ல எழுதினான். "நாங்க குழந்தைகுட்டிக்காரங்க. எவனோ பண்ணின காரியத்துக்கு எங்க பொழப்பு கெடலாமா? அந்த ஆளைத் தேடிப் புடிச்சு உடனே வெளிய தள்ளுங்க. ஈவு இரக்கம் பார்க்காதீங்க." ஈவு இரக்கம் சரியா வந்துச்சான்னு மூணு தடவை கேட்டுத்தான் அனுப்பச் சொன்னேன்.

அவசரம் ஏன்னு கேளுங்க. அன்னைக்குச் சோறு போடறப்ப எங்கூட்டுக்காரரு தட்டைப் பார்த்துக்கிட்டே சொல்றாரு: "மில்லு வேன்காரரைச் சந்தையில பார்த்தேன். ஆள் வேணும்ங்கறாரு. காதுகுத்து முடியறதுக்குள்ள கடை சரியாகலைன்னா பேரைக் குடுத்துறலாம்." மாமியாரு நல்லவங்கதான், பாப்பாவைப் பார்த்துக்குவாங்க. ஆனா இவ இருக்கறாளே, நான் கொடியில துணி காயப்போடப் போனாலே கதவைப் புடிச்சுக்கிட்டு நிப்பா. மறுநாள் விடிய வேன் வந்து ஹாரன் அடிச்சுது. அது எப்பவும் பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு அடிக்கறதுதான். அன்னைக்கு மட்டும் என்னையக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. பாப்பா காலைத் தூக்கி என் மேல போட்டுத் தூங்கறா. அந்தக் காலை எடுத்து அக்கட்ட வைக்க மனசில்லாம அப்படியே படுத்திருந்தேன்.

சரி, புகார் குடுத்தாச்சு, நல்லது நடக்கும்னு கடையைத் திறந்து பார்க்கறேன். கடையைக் காணோம். வெள்ளையா ஒரு பக்கம், "இந்தத் தளம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது"ன்னு. அவனை வெளிய தள்ளுங்கன்னு சொன்னா என்னைத் தள்ளியிருக்காங்க. போன் போட்டேன். பாட்டு. முக்கியம். பாட்டு. அப்புறம் ரியாஸ் தம்பி.

"தம்பி, ஆளை மாத்திப் புடிச்சுட்டீங்க."

"இல்ல மேடம். உங்க புகாரை வச்சுத்தான் தேடினோம். ஒரே வாரத்துல மூணு தடவை, படத்தோட, எல்லா வாடிக்கையாளருக்கும் போயிருக்கு. அந்த மெயில் வந்தவங்கள்ல நிறையப் பேர் 'இது குப்பை'ன்னு பட்டனை அமுத்தியிருக்காங்க. அது உங்க கடையில இருந்து போன மெயில் மேடம்."

"மெயிலா? நான் எதையும் விக்கலையே தம்பி. அது காதுகுத்துப் பத்திரிகை."

"பத்திரிகைன்னாலும் கேட்டவங்களுக்கு மட்டும்தான் அனுப்பணும் மேடம். கேக்காதவங்களுக்கு அனுப்பினா அதுக்குப் பேர்தான் ஸ்பாம்."

எனக்கு வந்துச்சு பாருங்க. "கேட்டு வாங்கறதுக்குப் பேரு பத்திரிகையா தம்பி? உங்கூட்டு விசேஷத்துக்கு வரவங்க எல்லாம் மனு குடுத்துட்டா வராங்க? நாமளா தேடிப்போய்க் கூப்பிட்டாத்தானே மரியாதை? கேட்டு வாங்கிட்டு வந்தான்னா அவனை என்னன்னு பேசுவாங்க?"

"ஒரு நிமிஷம் மேடம்"னாரு தம்பி. அப்புறம் மறுபடி பாட்டுப் போட்டுட்டாரு.

பாட்டு முடிஞ்சு வந்து இன்னொண்ணும் சொன்னாருங்க, அதுதான் எனக்கு ஆறலை. அதே சர்வர்ல இருக்கற மத்த கடைக்காரங்களும் புகார் குடுத்திருந்தாங்களாம். முகம் தெரியாத ஒரு குடும்பத்து மேல. வெளிய தள்ளுங்கன்னு எழுதியிருந்தாங்களாம். எவ்வளவு கல் மனசு இருக்கும் பாருங்க. அவங்களுக்கெல்லாம் குழந்தைகுட்டி இருக்காதா?

கௌதம் கோயமுத்தூர்ல இருந்து ஓடி வந்தான். வந்ததும் திட்டலை. போன மெயிலையெல்லாம் ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தான். "அண்ணி, பட்டனைத் தொடாதீங்கன்னேனே." "தொடலை தம்பி, அமுத்தத்தான் செஞ்சேன்." அப்புறம் மன்னிப்புக் கடுதாசி எழுதணும்னான். என்ன நடந்துச்சு, இனிமே என்ன பண்ண மாட்டோம்னு எழுதிக் குடுத்தாத்தான் கடையைத் திறப்பாங்களாம். எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. கூப்பிட்டது தப்புன்னு எழுதிக் குடுக்கறதா? ஆனா சந்து முனையில வேன் நிக்குதே. சரின்னேன். "இனிமே கடை மெயில்ல இருந்து காதுகுத்துப் பத்திரிகை அனுப்பமாட்டேன்"னு என் பேர்ல எழுதினான். கடை திறந்துச்சு. ஆனா மெயிலு கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகணுமாம். போன மெயிலுக்கு நல்லபடியா பதில் வர வர, வெளிய இருக்கறவங்க நம்மளை மறுபடி நம்புவாங்களாம். "புதுசாக் கல்யாணம் ஆகி வந்த பொண்ணு மாதிரி கொஞ்ச நாள் அடக்கமா இருங்க அண்ணி"ன்னான். அவனுக்கென்ன தெரியும், நான் கல்யாணம் ஆகி வந்தப்பவே அடக்கமா இல்ல.

கடை திறந்துட்டாப் போதுமா? ஆர்டர் போட்டவங்கள்ல பாதிப் பேரு வேண்டாம்னுட்டாங்க. புதுசா ஒண்ணும் வரலை. அப்படியே காதுகுத்து நாளும் வந்திருச்சு. என் மனசுக்குள்ள நாளைக்கு வேன்காரருகிட்டப் பேரு குடுக்கணும்ங்கறது மட்டும்தான் ஓடுது. பாப்பாவை லோகு அண்ணன் மடியில உட்கார வச்சு, ஆசாரி ஊசியை எடுத்தாரு. இவ போட்ட சத்தத்துல கெடாவே திரும்பிப் பார்த்துச்சு.

அந்த நேரத்துல மொய் எழுதற இடத்துல ஏதோ சலசலப்பு. ஒரு அம்மா, சுடிதார், கூலிங் கிளாஸு. கூட வாட்டசாட்டமா ரெண்டு ஆம்பளைங்க. மொய் எழுதறவரு தலையைத் தூக்காமயே கேக்கறாரு, "எந்த ஊருங்க, பேரு சொல்லுங்க."

"ஓசூர். ஜெசிந்தா. நான் மொய் வைக்க வரலை. என் பணத்தைத் திருப்பி வாங்க வந்திருக்கேன்."

"மொய்யைத் திருப்பித் தர்ற பழக்கம் நம்ம பக்கம் இல்லைங்களே."

விஷயம் என்னன்னா அக்கா, கடை மெயில் ஒண்ணுகூட அவங்களுக்குப் போகலை, பத்திரிகைதான் போயிருக்குது. அதுல கோயிலு, தேதி, நேரம், எங்கூட்டுப் பேரு, தாத்தன் பேரு வரைக்கும் இருக்குதே. ஏமாத்துக்காரி எங்க இருப்பான்னு அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சு, அண்ணந்தம்பியைக் கூட்டிக்கிட்டுச் சண்டைக்கு வந்திருக்காங்க. நான் ஓடிப்போறதுக்குள்ள என் மாமியாரு முந்திக்கிட்டாங்க. "யாரா இருந்தா என்ன, பத்திரிகை பார்த்து வந்திருக்கறாங்க. முதல்ல இலையில உட்காரச் சொல்லு. சண்டையைச் சாப்பிட்டுப் போடட்டும்."

உட்கார்ந்தாங்க. கெடாக்கறி வந்தப்புறம் அந்த ரெண்டு ஆம்பளைங்களும் எதுக்கு வந்தோம்ங்கறதையே மறந்துட்டாங்க. ஜெசிந்தாம்மா மட்டும் மறக்கலை. "துணி எங்க?"ன்னாங்க. வீட்டு அலமாரியில இருக்குதுங்கன்னு நான் சொல்லி வாய மூடலை, பைக்கு கிளம்பற சத்தம் கேக்குது. எங்கூட்டுக்காரரு. பந்தி நடக்கறப்ப, பங்காளிங்க எல்லாம் பார்க்க, சொந்த மக காதுகுத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போயி அந்தப் பொட்டலத்தை எடுத்துட்டு வந்து அவங்க கையில குடுத்தாரு. "தப்பா நினைச்சுக்காதீங்க, வீட்டு நம்பர் இல்லாமத்தான் வச்சிருந்தா. இவ அப்படிப்பட்டவ இல்லைங்க." அவ்வளவுதான் பேசினாரு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல முள்ளு அன்னைக்குத்தான் ஒரு பக்கம் சாஞ்சு பார்த்தேன்.

ஜெசிந்தாம்மா துணியைப் பிரிச்சாங்க. கன்னத்துல வச்சுப் பார்த்தாங்க. தையலை இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் அழுதுக்கிட்டிருந்த இவளை வாங்கி அந்தத் துணியிலயே போட்டு ஆட்டினாங்க. தூங்கிட்டா. அவங்க ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலைக்கு வர்ற பொம்பளைங்களோட குழந்தைங்களைப் பார்த்துக்கற காப்பகத்துக்குப் பொறுப்பாம். அங்க இருக்கற அத்தனை தொட்டிலுக்கும் துணி வேணும்னுட்டாங்க. அதுதான் இந்த மூட்டை. கூரியர்ல போடலாம்தான். போட்டா மறுபடி ஒரு மெயில் போகணும். எதுக்கு வம்பு, நானே மெயிலாப் போயிட்டு வந்துறலாம்னு கிளம்பிட்டேன்.

வேன்காரருகிட்டப் பேரு குடுக்கலைங்க. "தை வரைக்கும் பார்க்கலாம்"ங்கறாரு எங்கூட்டுக்காரரு. முள்ளு மறுபடி நடுவுக்கு வந்திருச்சு, ஆனாலும் பரவாயில்ல. இப்ப மெயிலெல்லாம் ஒழுங்காப் போகுது. தை வரைக்கும் இப்படியே போனா வேன் ஹாரன் எங்களுக்கு வெறும் சத்தம்தான்.

இந்த ஆளுங்க படிச்ச படிப்பை நினைச்சாத்தான் சிரிப்பு வருதுங்க. குப்பைன்னு சொன்னாங்களே, கடைசியில வேலை செஞ்சது எது? ரசீது போய்ச் சேரலை, பத்திரிகை போய்ச் சேர்ந்துச்சு. ஆர்டரைக் கொண்டுவந்தது பத்திரிகை. இதை நான் ரியாஸ் தம்பிக்கு ஒரு டிக்கெட்டாவே போட்டேன். இன்னும் பதில் வரலை. யோசிச்சுக்கிட்டு இருப்பாரு.

ஈரோடு வந்திருச்சு போலிருக்குது. பாப்பா, அத்தைக்கு டாட்டா சொல்லு. அக்கா, இறங்கறதுக்குள்ள உங்க ஈமெயிலைச் சொல்லிட்டுப் போங்க, போன்ல போட்டுக்கறேன். தை மாசம் எங்க கௌதமுக்குக் கல்யாணம். அவசியம் வரணும். அட, பயப்படாதீங்க, காதுகுத்துப் பத்திரிகை அனுப்பமாட்டேன்னுதான் அவன் எழுதிக் குடுத்திருக்கறான். கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதுவும் இந்தத் தடவை பேரெல்லாம் முன்கூட்டியே சரிபார்த்துத்தான் அனுப்புவேன். ஒரே தடவைதான். யார் பேராவது விட்டுப்போனாத்தான் ரெண்டாவது.